குப்பை வண்டியின் அமுக்கும் பெட்டியை மின்சாரத்தில் ஓட்டினால் என்ன? யாழ்ப்பாணத்துக்கு ஒத்துவருமா?

சுண்டிக்குளி ஒழுங்கை எழுதியது:

எங்கள் ஒழுங்கைக்குக் கிழமையில் இரண்டு நாள், குப்பையை அமுக்கி ஏற்றும் கொம்பாக்டர் வண்டி வரும். விடிய ஆறு மணிக்கு முன்னரே வந்துவிடும். வண்டி சும்மா நிற்கும்போது பெரிய சத்தமில்லை. பின்னால் நிற்பவர் பொத்தானை அமத்தியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறும். மேலிருந்து தகடு இறங்கி, குப்பையை வாரி, உள்ளே தள்ளி முடிக்கும் வரை அந்த உறுமல் குறையாது. இருபது, இருபத்தைந்து செக்கன். பிறகு நாலு வீடு தள்ளிப் போய் மறுபடியும் அதே உறுமல். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மதில். புகை கலைந்து போக வழியில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா, நான் யன்னலைச் சாத்திவிடலாம். வண்டிக்குப் பின்னால் ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணித்தியாலம் நிற்கும் இரண்டு பேர் எதைச் சாத்துவார்கள்?

ஏன் இப்படி என்று தேடி வாசித்தேன். அமுக்கும் தகட்டை நகர்த்துவது ஹைட்ரோலிக் எண்ணெய். அந்த எண்ணெயைத் தள்ளும் பம்புக்கு வேண்டிய சுழற்சி, கியர்ப் பெட்டியிலிருந்து பீ.ரீ.ஓ. வழியாக, அதாவது எஞ்சினின் சுழற்சியை வேறு வேலைக்கு வெளியே எடுக்கும் இணைப்பு வழியாக, எடுக்கப்படுகிறது. உழவு இயந்திரத்தில் நீர் இறைக்கவும் சூடடிக்கவும் எடுப்பார்களே, அதே பீ.ரீ.ஓ. தான். ஆகவே தகடு அசைய வேண்டுமென்றால், வண்டி ஓர் அங்குலம்கூட நகராத நேரத்திலும், பெரிய டீசல் எஞ்சின் ஓடியே ஆகவேண்டும்.

வெளிநாடுகளில் இதைப் பிரித்துவிட்டார்கள். 2008 இல் சுவீடனில் வொல்வோ நிறுவனம், டீசலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் குப்பை வண்டிகளை வீதியில் விட்டுப் பார்த்தது. அவற்றில் ஒன்றில் அமுக்கும் பகுதிக்கென்று தனிப் பற்றரி வைத்து, இரவில் மின்னேற்றினார்கள். ஹைபிரிட்டால் எரிபொருள் 20 வீதம் வரை குறையும், அமுக்குவதையும் மின்சாரத்தில் செய்தால் 30 வீதம் வரை போகும் என்று அப்போது நிறுவனம் சொன்னது. வண்டி டீசலிலேயே ஓடட்டும், அமுக்குவது மட்டும் மின்சாரத்தில் நடக்கட்டும் என்பது எனக்குப் பிடித்த யோசனை. முழு மின்சார லொறி எங்கள் சபைகளுக்கு இப்போதைக்கு எட்டாது.

அடுத்த முறை சபை வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விசயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிழையான யோசனை என்றால் அதையும் நேரே சொல்லுங்கள்.


ஒயில் கை எழுதியது:

தம்பி, நல்ல விசயம். நான் கொக்குவில் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன். ஹைட்ரோலிக் வேலைதான் கூட. கொம்பாக்டர், பெக்கோ, டிப்பர் எல்லாம் வரும்.

முதலில் அந்தத் தகட்டின் பலத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிலிண்டருக்குள் 180 பார் அழுத்தத்தில் எண்ணெய் போனால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் 14 தொன் அளவுக்குத் தள்ளும். வண்டியில் அப்படிப் பல சிலிண்டர்கள். அதனால்தான் கதிரை, மெத்தை எல்லாம் சப்பையாகிப் போகிறது. இடையில் ஒரு கல்லோ இரும்புத் துண்டோ மாட்டினால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். ஒன்றும் உடையாது. இந்த ஒரு குணத்துக்காகவே ஹைட்ரோலிக்கை யாரும் லேசில் கைவிடமாட்டார்கள்.

இப்போது எண்ணெயே இல்லாமல், திருகுதண்டை மோட்டர் சுற்றித் தகட்டைத் தள்ளும் வகையும் வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் குப்பை என்ன குப்பை? மீன் தண்ணி, மணல், இளநீர்க் கோம்பை, நார். அந்தத் திருகுதண்டுக்குள் மணல் போனால் முடிந்தது. 14 தொன் தாங்கும் தண்டை இங்கே எந்த லேத்தில் கடைவது? கப்பலில் வரும் வரை வண்டி முற்றத்தில் நிற்கும்.

நீங்கள் சொல்லும் முறை வேறு. பம்பு, வால்வு, சிலிண்டர், எண்ணெய் போகும் ஓஸ் குழாய் எல்லாம் பழையபடி இருக்க, பம்பைச் சுற்றுவது மட்டும் எஞ்சினுக்குப் பதிலாக மோட்டர். அது என்றால் எனக்குச் சம்மதம். ஓஸ் வெடித்தால் நானே அரை மணித்தியாலத்தில் புது ஓஸ் அமத்திக் கொடுப்பேன். மோட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான் புதிது. அதைப் படிக்கப் பெடியள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்டோம். படிக்க முடியாத வேலை இல்லை.


ஹம்பேர்க் வாசி எழுதியது:

இங்கே ஜேர்மனியில் நான் இருக்கும் ஹம்பேர்க் நகரத்தில் வொல்வோவின் முழு மின்சாரக் குப்பை வண்டி சேவைக்கு வந்தது. 27 தொன் வண்டி, பெட்டி ஃபவுன் நிறுவனத்தினுடையது. நகரக் கழிவகற்றும் அமைப்பிடம் சுமார் 300 சாதாரண வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு 31,300 கிலோ அளவில் கரியமில வாயு விடுகிறது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு லீற்றர் டீசலுக்கு 2.6 கிலோ என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வண்டி ஒரு வருடத்தில் 12,000 லீற்றர் டீசல் குடிக்கிறது.

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் லயன் மின்சார லொறியின் மேல் புவான் நிறுவனத்தின் பெட்டி ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதில் தொட்டியைத் தூக்கும் கையும் மோட்டரில்தான் இயங்கும், ஹைட்ரோலிக் எண்ணெய் கிடையாது. ஒயில் கை அண்ணை சொல்லும் திருகுதண்டுப் பயம் நியாயமானது. ஆனால் அங்கே குப்பை மூடிய தொட்டிக்குள் காய்ந்தபடி இருக்கும். எங்கள் ஊர்க் குப்பையோடு ஒப்பிட முடியாது.


மின்வாசகன் எழுதியது:

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எத்தனை யூனிற் வேண்டும் என்று தெரியாமல் பற்றரி பற்றிக் கதைத்துப் பலனில்லை.

நிமிடத்துக்கு 100 லீற்றர் எண்ணெயை 180 பார் அழுத்தத்தில் தள்ளும் பம்பை எடுப்போம். அதற்கு 30 கிலோவாற் வேண்டும். ஆனால் தகடு முழு நேரமும் முழுப் பலத்தில் தள்ளுவதில்லை. இறங்கும்போதும் திரும்பும்போதும் சும்மாதான் போகும். சராசரி பாதி, 15 கிலோவாற் என்று வைத்தால், 25 செக்கனுக்கு ஏறத்தாழ 0.1 யூனிற். மோட்டரிலும் பம்பிலும் போகும் நட்டத்தைச் சேர்த்து 0.13 என்று எடுங்கள். நூறு முறை அமுக்கினால் 13 யூனிற். கடைசியில் குப்பையை வெளியே தள்ளுவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 20 யூனிற் பற்றரி ஒன்று ஒரு நாள் வேலைக்குத் தாராளம். முழு மின்சார லொறிக்கு இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பற்றரி வேண்டும். சுண்டிக்குளிக்காரர் சொல்லும் பாதி வழி செலவில் எவ்வளவு சின்னது என்று இதில் தெரியும்.

பற்றரி லிதியம் இரும்பு பொஸ்பேற் வகையாக இருக்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு அதுதான் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது.

இன்னொன்று. எல்லோரும் இரவில் மின்னேற்றுவது என்கிறார்கள். குப்பை வண்டி மத்தியானத்தோடு வேலை முடித்து முற்றத்துக்கு வந்துவிடும். அந்த நேரம்தான் கூரைகளில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கூரை மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். வேண்டாம் என்று நிறுத்திய அந்த மின்சாரத்தில் குப்பை வண்டியை ஏற்றலாம். சபைக் கட்டடங்களின் கூரைகள் வெயிலில் சும்மாதானே காய்கின்றன.


ஒயில் கை எழுதியது:

கணக்குச் சரி தம்பி. ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது.

டீசல் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அமுக்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒழுங்கைக்குள் வண்டி இருபது மீற்றருக்கு ஒருக்கால் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, திரும்ப எழுப்பினால் ஸ்ராட்டர் மோட்டர் எத்தனை நாள் தாங்கும்? அதைவிடப் பெரிய விசயம், இந்த வண்டிகளுக்குக் காற்றுப் பிரேக். எஞ்சின் நின்றால் காற்று அடிக்காது. பழைய வண்டி என்றால் எங்காவது காற்றுக் கசிவும் இருக்கும். பிரேக்கை நாலு தரம் மிதித்தால் அழுத்தம் இறங்கிவிடும்.

ஆகவே ஒழுங்கைக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உறுமல் நிற்கும், அது பெரிய காரியம். புகையும் குறையும். ஆனால் டீசல் மிச்சம் நீங்கள் நினைக்கும் அளவு வராது. கடிதத்தில் பெரிய கணக்கு எழுதிவிட்டு, பிறகு அது நடக்கவில்லை என்றால், அடுத்த தரம் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள்.


வடலி எழுதியது:

என் அப்பா 22 வருடமாகக் கழிவகற்றும் வேலை செய்கிறார். முதலில் உழவு இயந்திரப் பெட்டி, இப்போது கொம்பாக்டர். இங்கே எழுதியதை எல்லாம் இரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

புகை பற்றிச் சொன்னது முழுதும் உண்மை என்றார். மாரியில் புகை இன்னும் கீழே நிற்குமாம். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தொண்டையில் இருக்கும் என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்.

ஆனால் நீங்கள் ஒருவரும் யோசிக்காத ஒன்றையும் சொன்னார். எஞ்சின் உறுமுவதுதான் அவர்களுக்கு எச்சரிக்கை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு குனிந்து வருவார், மற்றவர் மற்றப் பக்கத்தில் பொத்தானை அமத்துவார். சத்தம் ஏறியதும் கை தன்பாட்டில் பின்னால் வந்துவிடும். மின்சாரத்தில் தகடு சத்தமில்லாமல் இறங்கினால்? கண்ணால் பார்க்க முன்னரே கை உள்ளே இருக்கும். அப்பாவோடு வேலை செய்த ஒருவருக்கு இரண்டு விரல் போனது டீசல் வண்டியில்தான், அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும். சத்தம் குறைப்பது நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக என்ன வைப்பீர்கள் என்று கேட்கிறார்.


ஹம்பேர்க் வாசி எழுதியது:

தங்கச்சி, உங்கள் அப்பா கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. ஐரோப்பாவில் பின்பக்கம் ஏற்றும் வண்டிகளுக்கு ஈ.என். 1501 என்ற தரம் இருக்கிறது. கால்வைக்கும் படியில் ஆள் நின்றால் வண்டி பின்னால் போகாது, 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடாது. அவசரமாக நிறுத்தும் பொத்தான்கள் உண்டு. தகடு இறங்கி விளிம்பை நெருங்கும் ஆபத்தான தூரத்தில், பொத்தானை அமத்திப் பிடித்திருந்தால்தான் நகரும். கையை எடுத்தால் நின்றுவிடும். மின்சாரத்தில் ஓடும் பெட்டிக்கு இவற்றோடு, தகடு அசையத் தொடங்க முன்னர் ஒலிக்கும் பீப் சத்தமும் சுழலும் விளக்கும் கட்டாயம் வேண்டும். மோட்டர் என்றால் நிறுத்துவது எளிது. பொத்தானை விட்டவுடன் பம்பே நின்றுவிடும். எஞ்சினில் பம்பு சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வு மட்டும்தான் மூடும்.


சுண்டிக்குளி ஒழுங்கை எழுதியது:

வடலி, அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நான் யன்னலுக்கு உள்ளே நின்று யோசித்திருக்கிறேன். அவர் வண்டிக்குப் பின்னால் நின்று சொல்கிறார். கடிதத்தில் இது முதலாவதாக வரும்.


கல்லுண்டை வெளி எழுதியது:

எல்லோரும் எப்படி அமுக்குவது என்று கதைக்கிறீர்கள். நான் கேட்பது, ஏன் அமுக்க வேண்டும்?

நான் காக்கைதீவு தாண்டி, குப்பை வந்து கொட்டும் இடத்துக்குக் காற்றுவாக்கில் இருப்பவன். தீப்பற்றி எரியும் நாட்களில் நாங்கள் புகையோடு சாப்பிட்டுப் புகையோடு படுக்கிறோம். வண்டி வந்து பின்கதவைத் தூக்கும்போது முதலில் விழுவது குப்பை அல்ல, கறுப்புத் தண்ணி. வரும் வழியெல்லாமும் அது றோட்டில் ஒழுகிக்கொண்டுதான் வருகிறது. ஏன்? எங்கள் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறை, சந்தைக் கழிவு. வாழைத்தண்டு, பூசணி, மீன் செதில், சோறு. அதை 14 தொன் பலத்தில் பிழிந்தால் தண்ணிதான் வரும். ஜேர்மனியில் கடதாசியும் பிளாஸ்ரிக் பெட்டியும் அமுக்கினால் மூன்றில் ஒன்று, நாலில் ஒன்றாகச் சுருங்கும். எங்களுடையது ஏற்கெனவே ஈரமும் பாரமும். அது அவ்வளவு சுருங்காது.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது, வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குடிப்பது கிணறு. மேலே ஊற்றுவது கீழே போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகும் நாங்கள் இதை யோசிக்காமல் இருக்கலாமா? ஹைட்ரோலிக் ஓஸ் வெடித்துக் கொட்டும் எண்ணெயும் அதே நிலத்துக்குத்தான் போகிறது.

கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 ஆம் நாள் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். வருடப்பிறப்பன்று. வண்டிக்கு என்ன மோட்டர் பூட்டினாலும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிழிந்து ஓரிடத்தில் குவிப்பது நின்றால்தான் எங்களுக்கு விடிவு.


தீவகத்தான் எழுதியது:

கல்லுண்டை அண்ணை சொல்வது பட்டணத்துக்குச் சரி. அங்கிருந்து கொட்டும் இடம் கிட்ட. எங்கள் பக்கம் தூரம். பாலம் கடந்து போய்வர வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் பொலித்தீனும் போத்தலும் நிரப்பினால் பெட்டி நிறைந்துவிடும், பாரம் மட்டும் இராது. காற்றை ஏற்றிக்கொண்டு போகிறோம். 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் பக்கம் குப்பை கிழமைக் கணக்கில் கிடந்தது. காய்ந்த குப்பையை அமுக்கினால் நாலு தரம் போவது இரண்டு தரமாகும். ஈரமானதை வீட்டிலேயே தென்னைக்குக் கீழே தாட்டால் போச்சு. தீவகத்தில் அதற்கு நிலம் இருக்கிறது.


சுண்டிக்குளி ஒழுங்கை எழுதியது:

நான்கு நாளாக எழுதவில்லை. ஒரு வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்துக்கு வரும் வண்டியின் சாரதியிடம் கேட்டு, ஒரு நாள் காலை ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கையில் கொப்பியும் பேனாவும். 5.50 இலிருந்து 10.40 வரை.

மொத்தம் 83 முறை அமுக்கினார்கள். மின்வாசகன் கணக்கில் அது 11 யூனிற் அளவு. அதில் 52 முறை ஒழுங்கைகளிலும் வீதியோரத்திலும். மீதி 31 முறை ஒரே இடத்தில், சந்தைப் பின்வாசலில். அங்கே வண்டி 55 நிமிடம் நின்றது. 31 முறை, ஒவ்வொன்றும் 25 செக்கன் என்றால் தகடு அசைந்தது 13 நிமிடம்தான். மிச்சம் 42 நிமிடமும், தொழிலாளர் கூடைகளை இழுத்து வந்து கொட்டும் வரை, எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மரக்கறிக் கடை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடை. எல்லோரும் அந்தப் புகைக்குள்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

ஒயில் கை அண்ணை சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஒழுங்கையில் எஞ்சினை நிறுத்த முடியாது, சரி. சந்தையில் நிறுத்தலாம். ஆஸ்பத்திரி, பாடசாலை விடுதி, கல்யாண மண்டபம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதி ஓரங்கள், எல்லாம் வண்டி நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் இடங்கள். மின்சாரத்தில் அமுக்குவதன் முழுப் பலனும் அங்கேதான்.


மின்வாசகன் எழுதியது:

அருமையான வேலை செய்திருக்கிறீர்கள். 42 நிமிடம் என்ற அந்த எண்ணை வைத்து நான் ஒரு படி மேலே போகிறேன்.

வண்டி நீண்ட நேரம் நிற்கும் இடம் என்றால், அங்கே வண்டியே எதற்கு? அமுக்கும் இயந்திரத்தைச் சந்தையிலேயே நிரந்தரமாக வைக்கலாம். மூடிய இரும்புப் பெட்டி, அதன் தலைப்பில் ஒரு தள்ளும் தகடு, நேரே மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டர். பற்றரி தேவையில்லை. பெட்டி நிறைந்ததும் ஒரு லொறி வந்து கொக்கியால் இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு போகும், வெறும் பெட்டியை வைத்துவிட்டு. வெளிநாட்டில் பெரிய கடைத்தொகுதிகளின் பின்பக்கத்தில் பல காலமாக இருக்கும் பொருள் இது, புது விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வண்டியைப்போல அவசரம் இல்லாததால் தகடு மெதுவாகத் தள்ளலாம். 7.5 கிலோவாற், அதாவது 10 குதிரைவலு மோட்டர் போதும். எங்கள் ஊரில் மா அரைக்கும் மில்லில் ஓடும் மோட்டர் அளவு.

பெட்டி மூடியிருப்பதால் தண்ணி றோட்டில் ஒழுகாது. அடியில் தட்டு வைத்துப் பிடித்து எடுக்கலாம். கல்லுண்டை அண்ணை, உங்கள் கேள்விக்கு இது பாதிப் பதில்.


கல்லுண்டை வெளி எழுதியது:

பாதிதான் தம்பி. பிடித்த தண்ணியை எங்கே ஊற்றுவீர்கள் என்று சொல்லாவிட்டால் அது சந்தையிலிருந்து என் வளவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மரக்கறிக் கழிவு அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. அதைத் தனியாக எடுத்து உரமாக்க வேண்டும். மட்டைப் பெட்டி, பொலித்தீன், றெஜிபோம் மட்டும் அமுக்குங்கள். அப்படி என்றால் நானும் கையெழுத்து வைக்கிறேன்.


சந்தை வாசல் எழுதியது:

நான் மரக்கறி வியாபாரம் செய்பவன், எந்தச் சந்தை என்று சொல்லவில்லை. பிரித்துப் போடுவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் சந்தையில்தான் அது சுகம். என் கடையில் வருவது வாழைத்தண்டு, கோவா இலை, அழுகிய தக்காளி. அதை ஒரு கூடையில் போடுவதில் எனக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் எங்கே என்றால், நான் பிரித்து வைத்ததை வண்டி வந்து ஒன்றாக வாரிக்கொண்டு போகும்போது. ஒரு தரம் பார்த்தால் அடுத்த நாள் ஒருவனும் பிரிக்கமாட்டான். இரண்டு பெட்டி இரண்டு இடத்தில் நிரந்தரமாக இருந்தால், எது எங்கே போகிறது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பயம் மட்டும். சந்தை நிலம் எப்போதும் ஈரம், பின்னேரம் குழாய் பிடித்துக் கழுவுவோம். அதற்குள் மும்முனை மின்சாரம் என்றால் என்ன பாதுகாப்பு?


மின்வாசகன் எழுதியது:

நியாயமான பயம். மோட்டரையும் சுவிட்சுப் பெட்டியையும் நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேல், தண்ணி புகாத உறைக்குள் வைக்க வேண்டும். நிலத்தொடுப்பு ஒழுங்காகச் செய்து, கசிவு மின்னைக் கண்டதும் விழும் ட்ரிப் சுவிட்சு பூட்ட வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கிறதே, அதே வகை. தொழிலாளி தொடும் பொத்தான்கள் 24 வோல்ற்றில் வேலை செய்யும். 400 வோல்ற் அவர் கைக்குக் கிட்டவே வராது. சாவி உள்ள ஒருவர்தான் இயக்கலாம், கதவு திறந்திருந்தால் தகடு அசையாது. இவை எல்லாம் கேள்விமனுவில் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.


ஒயில் கை எழுதியது:

நிரந்தரப் பெட்டி என்றால் எனக்கும் வேலை சுகம். வண்டி கிடங்கில் விழுந்து எழும்பும்போதுதான் ஓஸும் பொருத்தும் ஆடிக் கழரும். ஓரிடத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு அந்த அடி இல்லை. பம்புக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் கீழே, தொட்டியில் உள்ள எண்ணெய் முழுதும் கொட்டினாலும் பிடிக்கும் அளவுக்கு ஒரு தகரத் தட்டு. இதையும் எழுதுங்கள். தகரத் தட்டு இங்கேயே அடிக்கலாம்.

ஆனால் தம்பி, வண்டியை மறந்துவிடாதீர்கள். 52 முறை ஒழுங்கையில்தான் அமுக்கினார்கள். உங்கள் அம்மாவின் யன்னலும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வண்டி வாங்கும்போது மோட்டர் பம்பு கேட்பதைக் கைவிட வேண்டாம். டீசல் மிச்சம் என்று எழுதாமல், புகையும் சத்தமும் குறையும் என்று உள்ளதை எழுதுங்கள்.


சுண்டிக்குளி ஒழுங்கை எழுதியது:

கடிதத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். சுருக்கம் இது.

முதலில் தொழிலாளர் பாதுகாப்பு. அமுக்கும் இயந்திரம் வண்டியில் இருந்தாலும் நிலத்தில் இருந்தாலும், அசைய முன் ஒலி, சுழல் விளக்கு, இரண்டு பக்கமும் நிறுத்தும் பொத்தான், கையெடுத்தால் நிற்கும் ஏற்பாடு. அடுத்தது, ஒரு சந்தையில் மட்டும் பரீட்சார்த்தமாக மின்சாரத்தில் ஓடும் நிரந்தரப் பெட்டி. அதற்குள் காய்ந்த குப்பை மட்டும். மரக்கறிக் கழிவுக்குப் பக்கத்தில் வேறு பெட்டி, அமுக்காமல், நேரே உரம் செய்யும் இடத்துக்கு. மூன்றாவது, இனி வாங்கும் கொம்பாக்டருக்குக் கேள்விமனுவில் மோட்டரால் ஓடும் பம்பையும் ஒரு தெரிவாகச் சேர்க்க வேண்டும், சிலிண்டரும் ஓஸும் இங்கே திருத்தக்கூடிய வழமையான அளவில் இருக்க வேண்டும். மின்னேற்றம் மத்தியானத்தில், சபைக் கூரையிலிருந்து. என் 83 முறைக் கணக்கையும் பின்னால் இணைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கல்லுண்டை அண்ணை, சந்தை வாசல், தீவகத்தான், கையெழுத்து வைப்பவர்கள் தனி மடலில் சொல்லுங்கள்.


வடலி எழுதியது:

அப்பாவுக்கு வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒன்று சேர்க்க முடியுமா என்று கேட்டார். சந்தையில் வைக்கும் பெட்டியின் வாய் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கக்கூடாதாம். உழவு இயந்திரப் பெட்டிக்கு 15 வருடம் தலைக்கு மேலே கூடை தூக்கித்தான் அவருடைய தோள் இப்போது மேலே போகாது. மோட்டர் தள்ளும், ஆனால் அதன் வாய்க்குள் போடுவது நாங்கள்தானே என்றார்.


சுண்டிக்குளி ஒழுங்கை எழுதியது:

சேர்த்துவிட்டேன். பாதுகாப்புப் பகுதியில் முதல் வரியாக இருக்கிறது. அப்பாவுக்கு நேரம் இருந்தால் திங்கட்கிழமை என்னோடு வரச் சொல்லுங்கள். வேலை முடிந்து அவர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன்.